கண் மூடிய படங்கள்

எங்கள் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கும் படங்கள் அத்தனையிலும் நான் கண்ணை இறுக மூடியிருப்பேன். கேட்பவர்களிடம், கண்ணில் தண்ணீர் பட்டுவிட்டது என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

வருடம் தவறாமல் மலைமேல் உள்ள ஒரு விடுதிக்குப் போவோம். வெளியே பல் கிட்டும் குளிர். உள்ளே கண்ணாடிக் கூரைக்குக் கீழே வெதுவெதுப்பான குளங்கள், வளைந்து வளைந்து இறங்கும் சறுக்குக் குழாய்கள், குளோரின் வாசனை. பெரிய சறுக்கில் குடும்பமே ஒரே ரப்பர் படகில் இறங்கலாம். கடைசி வளைவில் கேமரா தானாகப் படம் பிடித்துவிடும். அந்தப் படம் சுவருக்கு வரும். சுவரில் இருந்தால்தான் வீட்டு ஆள். இது என் மனைவி போட்ட சட்டம்.

இந்த வருடம் தம்பியின் புது மனைவியும் வந்திருந்தாள்.

"அந்தப் பொண்ணு இன்னும் விருந்தாளி மாதிரி சோஃபா நுனியிலயே உக்காருது. படத்துல அவ இருந்தே ஆகணும்" என்று மனைவி காரிலேயே என் காதைக் கடித்தாள்.

சறுக்கின் உச்சியில் ஓர் எடை மேடை. எல்லோரும் ஒன்றாக ஏறி நிற்க வேண்டும். பச்சை எரிந்தால் படகு, சிவப்பு எரிந்தால் படிக்கட்டு. நான், மனைவி, தங்கை, தம்பி, புதுப்பெண் என்று ஐந்து பேரும் ஏறினோம். சிவப்பு.

"பரவாயில்லக்கா, நீங்க போங்க. நான் கீழ நின்னு பாக்குறேன்" என்று புதுப்பெண் சட்டென்று இறங்கிவிட்டாள்.

விளக்கு அசரவில்லை. அதே சிவப்பு. போன வருடம் இதே நான்கு பேருக்குப் பச்சை எரிந்தது. இடையில் தம்பியின் கல்யாணச் சாப்பாடு நடந்திருக்கிறது.

"அவங்கள ஏத்திக்குங்க. பிரச்சினை அவங்க இல்ல" என்றார் மேடைப் பக்கத்தில் விசிலோடு நின்ற ஊழியர். அவர் பார்வை ஊரெல்லாம் சுற்றி என் தொப்பையில் வந்து நின்றது.

நான் இறங்கினேன். பச்சை!

"அண்ணே, நீ ஒத்தை ஆள் இல்ல, ஒரு கூட்டம்!" என்று தங்கை கத்தினாள்.

"நீ ஏறும்மா. இனிமே அது உன் இடம்" என்றேன், தியாகச் செம்மல் குரலில். அவள் ஏறியும் பச்சை மாறவில்லை. உள்ளுக்குள் எனக்குத் தேர்த் திருவிழாவே நடந்தது. அந்தக் குழாயைப் பார்த்தாலே பயந்து கண்ணை மூடிக்கொள்கிற ஜென்மம் நான். மனைவிக்கு மட்டும் தெரியும். அவள் முறைத்துக்கொண்டே படகில் உட்கார்ந்தாள்.

துண்டுகளைச் சுமந்துகொண்டு படியிறங்கி நான் போவதற்குள் படம் திரைக்கு வந்துவிட்டது. மூன்று பேர் வாயைப் பிளந்து அலறுகிறார்கள். புதுப்பெண் என் மனைவியின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கண்ணை இறுக மூடியிருக்கிறாள்.

சொட்டச் சொட்ட என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"மாமா, பயந்துதானே இறங்குனீங்க?"

"யார் சொன்னா?"

"நானும் அதுக்குத்தான் இறங்குனேன். நீங்க பெரிய மனசு பண்ணி என்னை மாட்டி விட்டுட்டீங்க!"

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவளுக்கும்தான். எங்கள் வீட்டுக்கு வந்ததிலிருந்து அவள் சத்தம் போட்டுச் சிரித்து நான் கேட்டதில்லை.

"அக்கா கைய விடவே இல்ல மாமா. அதனால தப்பிச்சேன். வாங்க, அங்க ரெண்டு பேர் போற வளையம் இருக்கு. அதுலயும் கேமரா இருக்கு."

"ஐயையோ, நானா?"

"கண்ண மூடிக்கலாம்."

மூடிக்கொண்டோம்.

இப்போது சுவரில் இந்த வருடத்துக்கு இரண்டு படங்கள். இரண்டாவதைப் பார்க்கிறவர்கள், "இது யாரு, உங்க கூடப் பொறந்தவங்களா? அப்படியே உங்க ஜாடை!" என்கிறார்கள்.

ஆமாம் என்று சொல்லிவிடுகிறேன்.