என் வாயில் வராத பெயர்கள்

என் புகுந்த வீட்டில் நபியின் சொந்தக்காரர்களே குடியிருந்தார்கள். மாமனார் ஹம்ஸா, புருஷன் அப்பாஸ். இரண்டும் நபியுடைய சிறிய தந்தையரின் பெயர்கள். மாமியாருக்கோ நபியின் ஊரே பெயர், மதீனா. வடக்கு நைஜீரியாவில் எங்கள் ஊரான கட்சினாவில், மானமுள்ள மருமகள் புருஷன், மாமனார், மாமியார் பெயர்களை உயிர் போனாலும் சொல்லமாட்டாள்.

நானோ பெண்கள் மதரஸாவில் நபிமார் வரலாறு நடத்துகிறவள். "நபி அடங்கியிருக்கும் ஊர்" என்று சுற்றிவளைப்பேன். முன்வரிசைப் பெண்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு பெயரை எடுத்துக் கொடுப்பார்கள். ஊரறிந்த வாயாடி ரகியாவான எனக்கு இப்படியொரு பூட்டு.

என் மகளுக்கும் மாமியின் பெயரையே வைத்தார்கள். அன்று சந்தோஷத்தில் அழுதது நான்தான். நாற்பது நாள் வேப்பிலைக் கொத்தை வெந்நீரில் முக்கி என்னைக் குளிப்பாட்டி, கம்பங்கஞ்சி காய்ச்சி ஊட்டியவர் மாமி. பெற்றவளை நான் பார்த்ததில்லை. அவர்தான் எனக்குத் தாய். ஹஜ்ஜுக்குப் போய்வந்த மாமியை ஒட்டி மகளைக் "குட்டி ஹாஜியா" என்று கூப்பிட்டே ஆறு வருடம் ஓட்டினேன்.

அப்புறம் நான் மதரஸாவுக்குப் போவது அப்பாஸுக்குப் பிடிக்காமல் போனது. ஒருநாள் வெளிக்கதவைப் பூட்டி, சாவியைத் தன் கடைக்கு எடுத்துப் போனான். பிறகு தினமும் அதே கதைதான். பதினான்கு மாதம் வாசலை மதில் இடுக்கு வழியாகத்தான் பார்த்தேன். பல்வலி என்று ஆஸ்பத்திரிக்குப் போன அன்று அப்படியே அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டேன். மகள் உள்ளே மாட்டிக்கொண்டாள். மணவிலக்கும் மகளும் வேண்டுமென்று காஜியாரிடம் வழக்குப் போட்டேன்.

வழக்கன்று அப்பாஸ் தன் தாயைக் கூட்டிவந்து எனக்கு நேர் எதிரே உட்காரவைத்தான். அவன் கெட்டிக்காரன்.

"புருஷன் பேரு?" என்றார் எழுத்தர்.

"எங்க வீட்டுக்காரரு."

"அப்படி எழுத முடியாதும்மா."

"நபியோட சிறிய தந்தை ஒருத்தர் பேருதான்."

"ஹம்ஸாவா?"

"ஐயோ, அது அவரோட வாப்பா."

சிரிப்பு எழுந்தது. அப்பாஸ் மட்டும் சிரிக்கவில்லை. "வழக்குப் போட்டவ அவதானே? பேரையெல்லாம் அவ வாயால சொல்லட்டும் காஜியாரே," என்றான்.

காஜியார் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். "அவன் சொல்றது சரிதாம்மா. நீ சொல்லலன்னா வழக்கு நிக்காது."

"அப்பாஸ்," என்றேன். நாக்கு கூசியது. ஆனாலும் அவன் மீது எனக்கு மிச்சமிருந்த வெட்கமெல்லாம் அந்தப் பூட்டிய கதவுக்குப் பின்னாலேயே செத்திருந்தது.

"மகள் பேரு?"

மாமி ஒரு பாய்த் தூரத்தில் இருந்தார். வேற்றாள் முன்னால் சொன்னாலாவது ஊர் மன்னிக்கும். அவர் முகத்துக்கு நேரே சொல்வது, நீ எனக்கு யாருமில்லை என்று சொல்வதுதான்.

"குட்டி ஹாஜியான்னு எழுதிக்கக் கூடாதா?" என்று கெஞ்சினேன்.

"ஊர்ல பாதிப் புள்ளைங்களுக்கு அந்தச் செல்லப்பேருதான். எந்தப் புள்ளைய உங்கிட்ட ஒப்படைக்கறது?" என்றார் காஜியார்.

அப்பாஸ் கையைக் கட்டிக்கொண்டு சாய்ந்து உட்கார்ந்தான். அப்போது மாமி வாய் திறந்தார்.

"சும்மா போட்டு அவள நோண்டாதீங்க. அவ எம் மருமக. எம் பேரச் சொல்லமாட்டா." குரலில் அத்தனை பெருமை.

அந்தப் பெருமையைக் கேட்டதும் திரும்பி வீட்டுக்கே போய்விடலாமா என்றிருந்தது. போனால் கதவு பூட்டிக்கொள்ளும். நாளைக்கு என் மகளுக்கும் அதே மதில் இடுக்குதான்.

"மதீனா," என்றேன். சத்தம் வரவில்லை. "கேக்கலம்மா," என்றார் எழுத்தர். இன்னொரு முறை உரக்கச் சொன்னேன்.

மாமி முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார்.

மணவிலக்கு, மகள் இரண்டும் எனக்குச் சாதகமாகவே தீர்ந்தன. வெளியே வேப்பமரத்தடியில் மகளை என் கையில் விட்டார்கள். மாமி கடந்து போகும்போது மண்ணில் மண்டியிட்டு ஸலாம் சொன்னேன். ஒன்பது வருடம் என்னை வாடி போடி என்றவர், ஒரு நிமிடம் நின்றார்.

"நல்லா இருங்க," என்றார், வழிப்போக்கருக்குச் சொல்வதைப் போல.