வீட்டுக்குப் போய் வந்த கார்கள்

1

இந்தக் கதை எரிச்சலில் பிறந்தது. வாங்கி ஒரு வருஷம்கூட ஆகாத காரை மூன்றாவது தடவையாக டீலரிடம் விட்டுவிட்டு, காப்பி என்று அவர்கள் நம்புகிற ஒரு திரவத்தைக் குடித்தபடி காத்திருப்பு அறையில் உட்கார்ந்திருந்தேன். வாரண்டி இருப்பதால் எனக்குச் செலவில்லை. செலவெல்லாம் கம்பெனிக்கு. [கம்பெனியின் பெயர் இங்கே இருந்தது. எடுத்துவிட்டேன். எந்தப் பெயரைப் போட்டாலும் மிச்சிகனில் யாராவது ஒருவருடைய மச்சான் சண்டைக்கு வருவார்.] காரை விற்று வந்த லாபத்தை, விற்ற காரை ரிப்பேர் பண்ணியே தின்று தீர்க்கிறார்களே என்று காட்டமாக ஒரு கட்டுரை எழுதுவதாக இருந்தேன். முதல் வாக்கியம் இது:

அமெரிக்கக் கார் கம்பெனிகளின் இன்றைய நிதி நெருக்கடிக்கு மூலகாரணம் யாதெனில்

'யாதெனில்' வரை வந்து படுத்துக்கொண்டது. அப்போது பக்கத்து நாற்காலியில், டயர் மாற்ற வந்திருந்த ஒரு பெண்மணி கேட்டார்: "என்ன கோளாறு உங்க கார்ல?"

சொன்னேன்.

"நல்லவேளை, அது எங்க பிளான்ட்டு இல்ல," என்று நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். பிறகு டயர் மாட்டி முடிக்கிறவரை தன் பிளான்ட்டின் கதையைச் சொன்னார். முடிவுக்கு வருவதற்குள் சாவியை நீட்டி அவரைக் கூப்பிட்டுவிட்டார்கள். நானும் பின்னாலேயே ஓடி "அப்புறம் என்ன ஆச்சு?" என்று கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் கட்டுரை எழுதியிருப்பேன். கேட்காததால் கதை எழுதுகிறேன்.

2

தொடக்கம், முதல் முயற்சி: *பனி உருகி, சாலையெங்கும் குழிகள் வாய் பிளந்து கிடந்த ஒரு மார்ச் மாத மாலையில்* — வேண்டாம். இருபது வருஷமாக இந்த ஊரில் இருக்கிறேன், மார்ச் மாதக் குழியைத் திட்டாத ஒரு ஆளைப் பார்த்ததில்லை. இலக்கியமும் எதற்குத் திட்டவேண்டும்.

இரண்டாம் முயற்சி: *வென்டெல் நோவிக்கி தன் ஆயுளில் ஒரு பழுதையும் அப்படியே விட்டுவைத்ததில்லை.* இது நல்ல வாக்கியம்தான். ஆனால் கதை அவனுடையது இல்லை, அவன் மனைவியுடையது. அந்த வாக்கியம் கீழே எங்காவது தானாக வந்து ஒட்டிக்கொள்ளும்.

மூன்றாவது: டார்லா நோவிக்கி வெள்ளிக்கிழமை புத்தம் புதுக் கார் ஒன்றை ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். இதையே வைத்துக்கொள்கிறேன். (காத்திருப்பு அறையில் 'அவர்' என்று சொன்னேன், கதைக்குள் கால் வைத்ததும் 'அவள்' ஆக்கிவிட்டேன். பெயரையும் மாற்றியாயிற்று. கோபித்துக்கொள்ள மாட்டார் என்று நினைக்கிறேன்.)

3

கார் அவளுடையது அல்ல. ஒரு புது மாடல் கடைக்குப் போவதற்கு முன்னால், அதைச் செய்தவர்களையே சனி ஞாயிறு வீட்டுக்கு எடுத்துப் போகச் சொல்வது அந்தப் பிளான்ட்டின் வழக்கம். சொந்தக் கார் மாதிரி ஓட்டு, மளிகை வாங்கு, சர்ச்சுக்குப் போ, திங்கட்கிழமை வந்து குறைகளைச் சொல். ஒரே ஒரு நிபந்தனை உண்டு: காரில் கை வைக்கக் கூடாது. வைத்தால் வேலையே போகலாம். முப்பது பேர் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டு முப்பது கார்களை எடுத்துப் போனார்கள்.

நிபந்தனைக்குக் காரணம் இருந்தது. போன மாடல் வாரண்டி ரிப்பேரிலேயே கம்பெனியை மொட்டையடித்துவிட்டது. இன்னொரு தடவை அப்படி நடந்தால் இரண்டாவது ஷிஃப்டை மூடிவிடுவோம் என்று மேலிடம் சொல்லியிருந்தது. டார்லா இரண்டாவது ஷிஃப்ட். வென்டெலின் இதயத்துக்கான மாத்திரை, மருத்துவர், எல்லாம் அவளுடைய வேலையோடு வரும் காப்பீட்டில்தான் ஓடிக்கொண்டிருந்தது.

சனிக்கிழமை கில்பாசா என்கிற போலந்து இறைச்சிக் குழல் வாங்கப் போனாள். திரும்பும்போது ஒரு குழியில் சக்கரம் இறங்கியது. டாஷ்போர்டு முழுக்கக் கண நேரம் இருண்டு, ஒன்றும் நடக்காதது போல மறுபடி எரிந்தது. வீட்டுக்கு வந்து கணவனிடம் சொன்னாள். இறைச்சியை ஃபிரிட்ஜில் வைத்துவிட்டுத் திரும்பினால் ஆளைக் காணோம். கராஜில், ஸ்டீயரிங்குக்குக் கீழே மல்லாந்து படுத்திருந்தான்.

"யோவ்! கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கேன்யா. தொடக் கூடாது."

"நான் எங்க தொட்டேன்? சும்மா பாக்கறேன்."

"பாக்கறதுக்கு ஸ்க்ரூடிரைவர் எதுக்கு?"

"வெறுங்கையோட பாக்க எனக்கு வராது."

ஒயர்க் கட்டு ஒன்று தகட்டின் விளிம்பில் உரசிக்கொண்டிருந்தது. வென்டெல் டேப்பைச் சுற்றி, விளிம்பிலிருந்து தள்ளி இழுத்துக் கட்டினான். டார்லா அதே குழியில் வேண்டுமென்றே இரண்டு தடவை இறக்கிப் பார்த்தாள். விளக்கு அசையவில்லை.

"டேப்பு மட்டுந்தான் செலவு," என்றான் வென்டெல். "இதையே டீலர் பண்ணா டாஷ்போர்டையே கழட்டி மாத்தி, பில்லைக் கம்பெனி தலையில கட்டியிருப்பான்."

"அப்ப திங்கக்கிழமை குறை ஒண்ணுமில்லன்னு சொல்லிடறேன்."

"ஒண்ணுமே இல்லையே இப்ப."

[இந்த இடத்தில் நீங்கள் கத்துவீர்கள் என்று தெரியும். என் மனைவியும் கத்தினாள்: "அந்த ஒரு காரை மட்டும் சரி பண்ணி என்ன பிரயோஜனம்? பிளான்ட்ல இருக்கற மத்ததெல்லாம்?" நானும் அதைத்தான் டயர் மாற்ற வந்த பெண்மணியிடம் கேட்டேன். "எங்க ஊர்ல யாருக்கும் அது தோணாதுங்க," என்றார். "கெட்டா சரி பண்ணுவோம். சரி பண்ணதைப் போயி யாராவது குறைன்னு சொல்லுவாங்களா?"]

4

வென்டெல் விஷயத்தில் எனக்குச் சந்தேகம் இருந்தது.

முதல் பிரதியில் அவனைக் கசப்பு பிடித்தவனாக எழுதினேன். கார்த் தகடுகளுக்கு அச்சு செய்கிற பட்டறையைக் கம்பெனி மூடியபோது வேலை இழந்தவன், கம்பெனியைப் பழிவாங்கக் காத்திருந்தவன், டேப் ஒட்டும்போது உதட்டோரம் ஒரு *மர்மப் புன்*

அந்தப் புன்னகையை அங்கேயே வெட்டினேன். பட்டறையை மூடிய பிறகு அவன் ஒரு வருஷம் வெறுமனே உட்கார்ந்திருந்தது உண்மை. ஆனால் பழிவாங்குகிற ஆள் ஒயரை அத்தனை பதவிசாகக் கட்டமாட்டான். அவன் வீட்டுக்கு வந்த கார் அது, அவ்வளவுதான். விருந்தாளிக்குத் தலைவலி என்றால் தைலம் எடுத்து நீட்டுவோமே, அது மாதிரி.

5

ஞாயிற்றுக்கிழமை டுவேன் வீட்டில் பிளான்ட்டுக்காரர்களின் சீட்டாட்டம். டுவேன் டார்லாவோடு அதே வரிசையில் கதவு மாட்டுகிறவன். அவனும் ஒரு காரை எடுத்து வந்திருந்தான். யூக்கர் ஆட்டத்தில் டார்லாவும் அவனும் ஒரு கட்சி. துருப்புச் சீட்டை மேசையில் அறைந்துவிட்டு அவன் சொன்னான்:

"நேத்து ஒரு வேடிக்கை. குழியில விட்டேன், டாஷ்போர்டு கண்ணடிச்சுது. அடிப்பாவின்னு உள்ள பாத்தா ஒயரு தகட்டுல உரசுது. பழைய தண்ணிக் குழாயைத் துண்டு போட்டுச் சொருகிட்டேன். இப்ப கல்லு மாதிரி இருக்கு."

"நீயுமா?" என்றான் அடுத்த மேசைக்காரன். "என் கார்ல என் மச்சினன் பழைய சாக்ஸைச் சுத்தினான்."

அறை முழுக்கச் சிரித்தது. வென்டெல் குழாய்த் துண்டைவிட டேப் ஏன் உத்தமம் என்று வாதாடக் கிளம்பிவிட்டான். டார்லா மட்டும் சீட்டைக் கவிழ்த்து வைத்தாள்.

"டுவேன், நாளைக்கு நீ என்ன சொல்லப்போற?"

"குறை ஒண்ணுமில்லன்னு."

"அவனும் அதையேதான் சொல்வான். நானும் சொல்வேன். முப்பது காரும் தங்கமா இருக்குன்னு மத்த ஆயிரக்கணக்கான காரையும் கடைக்கு அனுப்பிடுவாங்க. ஒவ்வொண்ணும் ஒவ்வொரு குழியா இறங்கி, ஒவ்வொரு டீலர்கிட்டயும் போய் நிக்கும். நம்ம ஷிஃப்ட்டுக்கு நாமளே குழி தோண்டிட்டோம்."

சிரிப்பு நின்றது. கடைசியில் டுவேன்தான் மெதுவாகச் சொன்னான்: "இப்ப போய்ச் சொன்னா, கை வச்சதுக்கு வேலை போயிடும் டார்லா. எனக்கு ரெண்டு பிள்ளைங்க காலேஜ்ல."

அவன் சொன்னதிலும் தப்பில்லை. அதுதான் அவளைத் தூங்கவிடாமல் செய்தது. [தூங்காத இரவை ஒரு பக்கம் எழுதி வைத்திருந்தேன். கூரை, கடிகாரம், தூரத்து ரயில். நீங்கள் எத்தனையோ படித்திருப்பீர்கள். விட்டுவிடுகிறேன்.]

6

திங்கள் காலை அவள் சொன்னாள்: "டேப்பைப் பிரி. கெட்டது கெட்டபடி கொண்டுபோய்க் காட்டணும்."

"முடியாது."

"வென்டெல்."

"ஓடற காரை நான் கெடுத்ததே இல்ல டார்லா. கை வராது எனக்கு. நீ வேணா பிரிச்சுக்கோ."

"நீ கட்டினது. நீயே பிரி. அப்பத்தான் இருந்த மாதிரியே இருக்கும்."

வென்டெல் அரை மனதாகப் படுத்தான். பிரிக்கிற நேரம் முழுக்க "ஸாரிம்மா, ஸாரி" என்று முனகிக்கொண்டிருந்தான். காரிடம்தான், மனைவியிடம் இல்லை.

அதற்குப் பிறகு நடந்ததை என்னால் கற்பனை செய்திருக்க முடியாது. கோளாறு வர மறுத்தது. ஒயருக்கு வென்டெல் இழுத்து வைத்த இடமே பழகிவிட்டது போலிருக்கிறது. சனிக்கிழமைக் குழியில் இறக்கினார்கள், ஒன்றுமில்லை. ரயில்வே கேட்டுத் தண்டவாளத்தில் ஏற்றினார்கள், ஒன்றுமில்லை. மாவட்டத்திலேயே கேவலமான சாலைகளாகத் தேடித் தேடிப் போனார்கள். வாழ்நாள் முழுக்கக் குழியை விலக்கி ஓட்டிய டார்லாவின் கை, இப்போது குழி குழியாகக் குறி வைத்தது.

"இடது பக்கம், இடது பக்கம்! அய்யோ, விட்டுட்டியே!"

"உன் கண்ணுக்கு மட்டும் எப்படிய்யா தெரியுது?"

"வரியெல்லாம் எங்கதான் போவுதோ. ஆனா இன்னிக்கு நல்லாயிருக்கட்டும், ரோட்டைச் சரி பண்ணாத இந்தப் பஞ்சாயத்து. அதோ, பெருசு!"

இறங்கியது. பற்கள் கிடுகிடுத்தன. டாஷ்போர்டு இருண்டது.

இருவரும் கூச்சலிட்டார்கள். டார்லா ஓரமாக நிறுத்தியதும் வென்டெல் அவள் கன்னத்தில் முத்தமிட்டான். புதுக் கார் கெட்டுப்போனதற்கு இத்தனை சந்தோஷப்பட்ட தம்பதி அந்த மாவட்டத்தில் வேறு இருந்திருக்க முடியாது. இதை எழுதும்போது எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. என் கட்டுரையில் இதற்கு இடமே இருந்திருக்காது.

7

ஷிஃப்ட் தொடங்குவதற்கு முன்னால் டார்லா தரப் பிரிவுத் தலைவி மார்வா ஹைடனின் அறைக்குப் போனாள். உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள்: கோளாறு, டேப், பிரித்தது. அடுத்தவர் பெயர் ஒன்றையும் சொல்லவில்லை.

மார்வா மூக்குக் கண்ணாடியைக் கழற்றினாள். "கை வைக்கமாட்டேன்னு கையெழுத்துப் போட்டீங்கதானே?"

"போட்டேன்."

"மத்த இருபத்தொன்பது கார்லயும் ஒரு குறைகூட இல்லைன்னு காலையில சொன்னப்பவே எனக்குச் சந்தேகம் வந்துச்சு. நான் இந்த ஊர்க்காரி டார்லா. குறையே சொல்லத் தெரியாத ஊரு இல்ல இது." கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டாள். "ஒரு காரை வச்சு நான் மேலிடத்தோட சண்டை போட முடியாது. ஒரே ஒரு கார்ல வந்த தப்புன்னு தள்ளிடுவாங்க. மத்த கார்லயும் இருக்கா?"

"அதை அவங்கவங்க வாயால சொல்லணும்."

"சரி. எல்லாரையும் சாப்பாட்டு ரூமுக்கு வரச்சொல்லுங்க."

8

இங்கே எனக்கு முடிவுகள் மூன்று இருக்கின்றன.

அ. மார்வா கார்களை நிறுத்தி வைக்கிறாள். கடைக்குப் போகுமுன் எல்லாவற்றிலும் ஒயர் சரியாகிறது. ஷிஃப்ட் பிழைக்கிறது, டார்லாவுக்குக் கைதட்டல். [கைதட்டலைப் படிக்கும்போதே எனக்குக் கூச்சமாக இருந்தது.]

ஆ. யாரும் வாய் திறக்கவில்லை. டார்லா மட்டும் வேலையை இழக்கிறாள். கார்கள் கடைக்குப் போகின்றன. [நம் பக்கத்து விமர்சகர்களுக்கு இதுதான் பிடிக்கும். எனக்கு மனம் வரவில்லை, மன்னிக்கவும்.]

இ. எழுதத் தொடங்கினேன்: *பத்து வருஷம் கழித்து, அதே சாப்பாட்டு அறையில்* — இல்லை.

மூன்றையும் சரிசெய்து ஒன்றாக்கி, இழைத்து மெருகேற்றி உங்களிடம் தர எனக்குக் கை பரபரக்கிறது. வென்டெலின் வியாதி எனக்கும் தொற்றிவிட்டது. ஆனால் டார்லாவோடு இத்தனை தூரம் வந்த பிறகு அப்படிச் செய்யக் கூடாது. எனக்குத் தெரிந்தவரை, இருந்தது இருந்தபடி:

காரை எடுத்துப் போன முப்பது பேரும் நீள மேசைகளில் உட்கார்ந்திருக்கிறார்கள். மார்வா முன்னால் நிற்கிறாள்.

"யார் வேலையும் போகாதுன்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன்," என்கிறாள். "அது என் கையில இல்ல. உங்களுக்காகச் சண்டை போடுவேன். அது மட்டும் என் கையில இருக்கு. கார்ல கை வச்சவங்க கை தூக்குங்க."

டார்லா முன் மேசையில் இருக்கிறாள். எழுந்து நின்று கையைத் தூக்குகிறாள். திரும்பிப் பார்த்தால் யாரையோ கட்டாயப்படுத்துவது போலாகிவிடும் என்று நேரே சுவரைப் பார்க்கிறாள். மார்வாவின் பார்வை அவள் தலைக்கு மேலாக அறையின் பின்பக்கம் போகிறது.

பின்னால் ஒரு நாற்காலி தரையில் இழுபடுகிற சத்தம் கேட்கிறது. அதற்குப் பின் எத்தனை நாற்காலிகள் என்பதை நான் எழுதப்போவதில்லை. அந்த மேசைகளில் ஒன்றில் உங்களையும் உட்கார வைத்திருக்கிறேன். உங்களுக்கும் வேலை இருக்கிறது, வீட்டில் மாத்திரை சாப்பிடுகிறவர் இருக்கிறார். டார்லாவின் கை இன்னும் இறங்கவில்லை.