சிவப்புப் பொத்தான்

இன்னும் கொஞ்சம் கிட்டே வந்து உட்காருங்கள் என் கண்ணுகளா. காலை நீட்டிக்கொள்ளுங்கள், தப்பில்லை. ஒரு கோபக்காரியின் கதை சொல்லப்போகிறேன். கோபக்காரி என்றதும் முகத்தைச் சுளிக்காதீர்கள். அவள் பக்கம் நியாயம் இருந்ததா என்று கேட்டு முடித்துவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

அந்த வீட்டுக்கு மூத்த மகளான பெரியவள் ஈரக் கையோடு ஓடிவந்து மேசையிலிருந்த போனைப் பிடுங்கினாள். கூடத்தில் அப்பாவின் உடலைக் கிடத்தியிருந்தார்கள். வந்தவர்கள் குரலைத் தாழ்த்திப் பேசிக்கொண்டிருந்தார்கள். அதற்கு நடுவே, தினமும் காலை ஏழு மணிக்குக் கத்துவதுபோல, அப்பாவின் போன் குருவி மாதிரிக் கத்திவிட்டது. திரையில் ஒரு வரி: 'இன்று 212 அட்டைகள் காத்திருக்கின்றன.'

காத்திருக்கட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு, அதைச் சமையலறை டப்பாக்களுக்குப் பின்னால் ஒளித்து வைத்தாள்.

அப்பா முப்பத்தெட்டு வருஷம் லிஃப்ட் மெக்கானிக். புதன்கிழமை சாயங்காலம் நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்விட்டார். மூக்கில் கண்ணாடி, மடியில் போன்.

அவருக்கு ஒரே பேத்தி. பெரியவளின் தம்பி சின்னவனின் மகள், ஆறு வயது. சின்னவன் வெளிநாட்டில் கல்யாணம் செய்துகொண்டு அங்கேயே இருப்பவன். பிள்ளைக்கு அந்த ஊர் மொழிதான் தெரியும். தமிழில் ஒரு வார்த்தை வராது. ஆறு மாதத்துக்கு முன்னால் அப்பா, அப்படியானால் அந்த மொழியை நான் படித்துக்கொள்கிறேன் என்றார். எந்த ஆப் நல்லது என்று மகனிடம் கேட்டார். சின்னவன் கார் ஓட்டிக்கொண்டே ஒரு பேரைச் சொல்லி, எல்லாரும் அதைத்தான் போடுகிறார்கள் என்று முடித்துக்கொண்டான்.

அதைப் போட்டதும் அது முதலில் சொல்லிக் கொடுத்தது, 'குதிரை ஆப்பிள் தின்கிறது.' ஒரு வாரம் பொறுத்துப் பார்த்த அப்பா, பேத்தியிடம் போய்க் குதிரையைப் பற்றி என்னத்தைப் பேச என்று கேட்டார். இரண்டாவது ஆப், ஒரு நாள் தவறினால் அழும் பொம்மை முகத்தைக் காட்டியது. முப்பத்தெட்டு வருஷம் மேனேஜரிடம் பட்டது போதும் என்று அதையும் எடுத்துவிடும்படி பெரியவளிடம் சொன்னார். மூன்றாவது, நாலு வார்த்தைக்கு ஒரு தடவை முடி வளரும் தைலத்துக்கு விளம்பரம் போட்டது. அப்பாவின் தலையில் ஒரு முடி கிடையாது. அன்றைக்கு அப்பாவும் பெரியவளும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

நாலாவதில் ஒன்றுமே இல்லை. வெள்ளைத் திரை, வெற்று அட்டைகள். நமக்கு வேண்டியதை நாமே எழுதிக்கொள்ள வேண்டும். நம் குரலையும் பதிந்து வைக்கலாம். பார்க்க ஏதோ ஆபீஸ் ஃபாரம் மாதிரி இருந்தது.

"இதான் நல்லது," என்றார் அப்பா. "மத்ததெல்லாம் நான் என்ன பேசணும்னு அதுவே முடிவு பண்ணுதும்மா."

பெரியவள் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். அங்கே வரும் ஒரு பெரியவருக்கு அந்த மொழி தெரியும். அப்பா கேட்பதையெல்லாம் அவரிடம் எழுதி வாங்கி வருவாள். அப்பா சொல்லிச் சொல்லிப் பழகித் தன் குரலில் பதிவார். சாப்பிட்டாயா. உன் தோழி பேர் என்ன. இருட்டைக் கண்டால் பயமா.

அட்டைக்குக் கீழே இரண்டு பொத்தான்கள். பச்சை என்றால் 'தெரியும்', அட்டை கற்றவைக் கணக்கில் ஏறிவிடும். சிவப்பு என்றால் 'மறுபடி', அட்டை திரும்பவும் கேட்கும். அப்பா கடகடவென்று சரியாகச் சொல்லிவிட்டும் சிவப்பைத்தான் அழுத்துவார். பச்சையை அழுத்துங்கள் என்று பெரியவள் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தாள்.

"ஒரு தடவை சரியா நின்னுதுன்னு லிஃப்ட்ல ஆளை ஏத்திடுவியா நீ?" என்பார்.

போன சனிக்கிழமை பேத்தியின் படம் வந்தது. ஆடுகிற முன்பல்லை நாக்கால் தள்ளிக்கொண்டு நிற்கிறாள். அன்றைக்கே அப்பா இருநூற்றுப் பன்னிரண்டாவது அட்டையை எழுதிப் பதிந்தார். ஞாயிற்றுக்கிழமை சட்டை மாற்றி, தொண்டையைச் செருமிக்கொண்டு, மகனைக் கூப்பிட்டுப் பாப்பாவிடம் கொடு என்றார். அந்தப் பக்கம் சின்னவன் சொன்னது பெரியவளுக்கும் கேட்டது. அப்பா சரி என்று மட்டும் சொல்லிப் போனை அவளிடம் கொடுத்துவிட்டார்.

போன் கத்திய அன்று சின்னவன் காலை ஒன்பது மணிக்கு மகளோடு வந்து சேர்ந்தான். எல்லாம் முடிந்து வீடு திரும்பியபோது மதியம் இரண்டு. பெரியவள் காலையிலிருந்து அவனோடு பேசவில்லை. தம்ளர்களாகக் கழுவிக்கொண்டிருந்தாள். அவன் பின்னால் வந்து நின்று, அப்பாவின் படங்கள் வேண்டும், போன் எங்கே என்றான். டப்பாக்களைக் காட்டினாள்.

எடுத்துப் பார்த்தவன் படங்களுக்குப் போகாமல் அங்கேயே நின்றான். 'அட்டைகள் 212. கற்றவை 0.'

"ஆறு மாசத்துல ஒண்ணுகூட ஏறலியாக்கா?" என்றான், பாவப்படுகிற குரலில். "நான் சொன்னதையே வச்சிருந்திருக்கலாம். அதுல விளையாட்டு மாதிரி சொல்லித் தருவாங்க."

பெரியவள் கையிலிருந்த தம்ளரைக் கீழே வைத்தாள். வைக்காவிட்டால் எங்கே போய் விழுந்திருக்குமோ.

"அவருக்கு எல்லாம் தெரியும்டா. இருநூத்திப் பன்னெண்டும் தெரியும்."

"அப்ப ஏன் சைபர்னு காட்டுது?"

"அதை விடு. ஞாயித்துக்கிழமை உங்கிட்ட என்ன கேட்டாரு?"

குழாய் திறந்தபடி ஓடிக்கொண்டிருந்தது.

"பாப்பாகிட்ட குடுன்னு கேட்டாரு. நீ என்ன சொன்ன? வாயைத் திறந்து சொல்லு."

"அவளுக்குப் புரியாதுன்னு... சும்மா மிரண்டுக்குவான்னுதானேக்கா..."

"யாருக்கு என்ன புரியும்னு நீயே முடிவு பண்ணிட்ட. உன் ஆப் மாதிரியே."

போனை அவன் கையிலிருந்து பறித்தாள். இதில் ஒரு எழுத்துகூட உனக்குக் கிடையாது, உனக்காக எழுதியதும் இல்லை, இப்போதே அழித்துவிடுகிறேன் என்றாள். அவன் வேண்டாம்க்கா என்று கையை நீட்டினான். அவள் முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டாள். 'எல்லாவற்றையும் அழி' என்ற இடத்தைத் தேடி அழுத்தினாள். விரலெல்லாம் சோப்பு. திரை வாங்கவில்லை. இன்னும் ஓங்கிக் குத்தினாள். விரல் வழுக்கி, மேலே இருந்த, அப்பா கடைசியாக எழுதிய அட்டை திறந்துகொண்டது.

'பல் விழுந்துவிட்டதா? எங்கே, காட்டு பார்க்கலாம்.'

அட்டையில் தமிழில் அப்படி இருந்தது. அப்பாவின் குரல் அதையே பேத்தியின் மொழியில் கேட்டது. தொண்டையைச் செருமிக்கொண்டு, ஒவ்வொரு வார்த்தையையும் மாடி மாடியாக நிறுத்தி.

சமையலறை வாசலில், தண்ணீர் கேட்க வந்த சின்னவனின் பிள்ளை நின்றிருந்தது. அப்பனைப் பார்த்தது. பிறகு நேரே அத்தையிடம் வந்து, போனுக்கு முன்னால் வாயை நன்றாகத் திறந்து காட்டியது. முன்பல் இருந்த இடம் காலி.

குரல் நின்றுவிட்டது. பிள்ளை திறந்த வாயோடு கொஞ்ச நேரம் காத்திருந்தது. ஒன்றும் வரவில்லை. ஒற்றை விரலால் சிவப்பை அழுத்தியது. அப்பா திரும்பவும் கேட்டார். இந்தத் தடவை பிள்ளை உதட்டை விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டது, சரியாகத் தெரியட்டும் என்று.

சின்னவன் வந்து குழாயை மூடினான். பெரியவள் அவன் பக்கம் திரும்பவில்லை. முட்டி போட்டு, போனைப் பிள்ளையின் வாய் உயரத்துக்குப் பிடித்துக்கொண்டாள். சோப்புத் தண்ணீர் அவள் முழங்கை வழியாகத் தரையில் சொட்டியது. பிள்ளை மறுபடி சிவப்பை அழுத்தியது.

அவ்வளவுதான் என் கண்ணுகளா, எழுந்து வீட்டுக்குப் போங்கள். உங்கள் வீட்டில் கேட்கிற குரல் இருக்கும்போதே பதில் சொல்கிற வாயும் பக்கத்தில் இருக்கட்டும். பெரியவர் சின்னவர் எல்லாரும் ஒருவர் பேச்சு ஒருவர் காதில் விழ, நிறைவாக இருங்கள்.