எண்ணெய்க் குழாயில் இருந்தது

பல் டாக்டரின் ஸ்போர்ட்ஸ் கார் எட்டு மாதமாக உறைக்குள் கிடந்தது. ஒரு திங்கட்கிழமை காலை அதை லாரியில் ஏற்றிப் பட்டறைக்குக் கொண்டுவந்து இறக்கினார்கள். ஸ்டார்ட் செய்ததும் ஊளையிடுவது போல ஒரு சத்தம் வந்தது. பின்னால் நீலப் புகை. எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கிற டர்போ போய்விட்டது என்று சொல்லப் பெரிய படிப்பு தேவைப்படவில்லை.

“வேர் சிகிச்சை பாக்கலாமா, இல்ல பிடுங்கி எறிஞ்சிட்டு வேற கட்டிடலாமா?” என்றார் டாக்டர். முகத்தில் சிரிப்பில்லாமலே ஜோக் அடிப்பவர் அவர்.

“இதையே பிரிச்சு பேரிங், சீல் மாத்தலாம்” என்றார் மெக்கானிக். “இல்லன்னா பெரிய டர்போவா போடலாம். வேகம் கூடும். கிளட்சும் சேத்து மாத்தணும்.”

“பெருசே போடுங்க. பழசு என் கண்ணுலயே படக் கூடாது.”

காரணம் மெக்கானிக்குத் தெரியும். ஒரு வாரத்துக்கென்று காரை வாங்கிப்போன டாக்டரின் தம்பி, அதை ஊளைச் சத்தத்தோடுதான் திருப்பித் தந்தான். கண்மண் தெரியாமல் ஓட்டிக் கெடுத்துவிட்டாய் என்றார் அண்ணன். எண்பதைத் தாண்டவே இல்லை என்றான் தம்பி. வார்த்தை தடித்து, பேச்சு நின்றது. ஐந்தாம் மாதம் அலுவலகப் படிக்கட்டில் மார்பைப் பிடித்துக்கொண்டு சாய்ந்த தம்பி பிழைக்கவில்லை. நாற்பத்தொரு வயது.

டாக்டர் போனபின் மெக்கானிக் டர்போவைக் கழற்றினார். தண்டு ஆடும் பல் மாதிரி ஆடியது. பேரிங் எண்ணெய் இல்லாமல் தேய்ந்திருந்தது. எண்ணெய் ஏன் வரவில்லை என்று குழாயைக் கழற்றிப் பார்த்தார். பென்சில் கனத்துத் துவாரத்தை, சாம்பல் நிறத்தில் ரப்பர் போன்ற ஒரு துண்டு அடைத்துக்கொண்டிருந்தது.

பார்த்ததுமே அவருக்குத் தெரிந்துவிட்டது. அது கசிவை அடைக்க அவர் தடவிய பேஸ்ட். தம்பி காரை வாங்கிப்போவதற்குச் சில வாரம் முன்பு, எண்ணெய்க் கசிவுக்காகக் கார் இங்கே வந்திருந்தது. அந்த இணைப்பின் இடையில் மெல்லிய பேப்பர் கேஸ்கெட் மட்டும்தான் வைக்க வேண்டும். அன்று கைவசம் கேஸ்கெட் இல்லை. பேஸ்ட்டைத் தடவி முடுக்கிவிட்டார். அதிகப்படியாக உள்ளே பிதுங்கியது, காய்ந்து பிய்ந்து வழியை மறித்திருக்கிறது. மாட்டுவண்டி வேகத்தில் ஓட்டியிருந்தாலும் இந்த டர்போ போயிருக்கும்.

பழசே வேண்டாம் என்று டாக்டர் தன் வாயாலேயே சொல்லிவிட்டார். டர்போவையும் குழாயையும் பழைய இரும்போடு தள்ளிவிட்டால் கேட்பாரில்லை. மெக்கானிக் இரண்டு முறை சோப்புப் போட்டுக் கை கழுவினார். மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தார். எழுந்து டாக்டருக்கு ஃபோன் செய்தார்.

டாக்டர் வந்தபோது முகக்கவசம் தாடைக்குக் கீழே தொங்கியது. பையிலிருந்து சின்ன டார்ச்சை எடுத்து, நோயாளியின் வாயைப் பார்ப்பது போலக் குழாய்க்குள் பார்த்தார்.

“வேகமா ஓட்டினதால வந்ததில்ல டாக்டர். நான் செஞ்ச வேலை. உங்க தம்பி மேல ஒரு தப்பும் இல்ல.”

திட்டு வாங்கத் தயாராக நின்றார் மெக்கானிக். டாக்டர் திட்டவில்லை. டார்ச்சை அணைக்க மறந்து கையில் வைத்திருந்தார்.

“மூணு தடவ ஃபோன் பண்ணான்” என்றார். “காரைப் பத்தின்னா வச்சிடுன்னேன். வச்சிட்டான்.” டார்ச்சைப் பையில் போட்டார். “வாங்க, அவன் வீட்டுக்குப் போகலாம். நீங்களே சொல்லுங்க. நான் சொன்னா சமாதானம் பேச வந்த மாதிரி இருக்கும்.”

தம்பியின் வீடு மூன்றாம் மாடியில் இருந்தது. தம்பி மனைவி கதவைத் திறந்து, நின்றபடியே எல்லாவற்றையும் கேட்டாள். மெக்கானிக் எதையும் பூசி மெழுகவில்லை. கேஸ்கெட் இல்லாமல் போனதையும் பேஸ்ட் தடவியதையும் அப்படியே சொன்னார்.

“உங்களுக்கு எப்ப தெரியும்?”

“இன்னைக்குதாம்மா.”

அவள் டாக்டர் பக்கம் திரும்பினாள். “கடைசில அவருக்கே சந்தேகம் வந்துடுச்சு. ஒருவேள நான்தான் கெடுத்துட்டேனோன்னு கேக்க ஆரம்பிச்சிட்டாரு. இல்லவே இல்லன்னு நான் சொல்லிட்டே இருந்தேன்.”

டாக்டர் வாயைத் திறந்தார். “எங்கிட்ட மன்னிப்பு கேக்காதீங்க” என்றாள் அவள். “அவருக்கு வர வேண்டியத நான் எப்படி வாங்கிக்க முடியும்?”

இறங்கும்போது இரண்டாம் மாடிப் படியில் டாக்டர் உட்கார்ந்துவிட்டார். மெக்கானிக்கும் ஒரு படி கீழே உட்கார்ந்தார்.

“பழசையே சரி பண்ணுங்க” என்றார் டாக்டர். “அத தூக்கிப் போட இனிமே எனக்குக் காரணம் இல்ல.”

“வேற பட்டறைக்குக் கொண்டுபோறதா இருந்தாலும் நான் தப்பா நினைக்க மாட்டேன்.”

“வேணாம், நீங்களே பண்ணுங்க. நான் பக்கத்துல நின்னு பாப்பேன்.”

அப்படியே செய்தார். வேலை நடந்த ஒன்பது நாளும் மதிய இடைவேளையில் வந்து மேஜைக்கு எதிரே நின்றார். புது பேரிங், புது சீல், புது குழாய். பேப்பர் கேஸ்கெட்டைத் தொட்டுப் பார்த்துத் தானே எடுத்துக்கொடுத்தார்.

அதன்பின் ஞாயிற்றுக்கிழமைகளில் டாக்டர் காரை எடுத்துக்கொண்டு தம்பி வீட்டுக்குப் போனார். முதல் இரண்டு வாரம் தம்பி மனைவி கீழே வரவில்லை. மூன்றாம் வாரம் வந்தாள். ஓடிக்கொண்டிருந்த எஞ்சினிலிருந்து நாலடி தள்ளி நின்று கேட்டாள்.

“அந்த ஊளைச் சத்தமே இல்லையே” என்றாள்.

“இல்லம்மா” என்றார் டாக்டர்.