வாணக்காரர் வீட்டுச் சாவு

தலைமாட்டில் எரிந்த மெழுகுவர்த்தியை இசபெல்லா மறுபடியும் விரலால் நசுக்கி அணைத்தாள். ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்த பெண்கள் ஒரு கணம் நிறுத்தி அவளைப் பார்த்துவிட்டுத் தொடர்ந்தார்கள். பக்கத்து வீட்டு மாரியாயி அவள் கையைப் பிடித்து, புருசன் போன துக்கத்தில் இப்படியெல்லாம் செய்யக் கூடாது என்று மெதுவாகச் சொன்னாள். மாதா கோயில் உபதேசியார் சலித்துக்கொள்ளாமல் இன்னொரு தீக்குச்சியை உரசினார்.

இசபெல்லா இன்னும் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. விடிவதற்கு முன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்த கஸ்பார், சேலம் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே அடங்கிவிட்டார். மாரடைப்பு என்றார்கள். உடம்பைக் கொண்டுவந்து கூடத்தில் கிடத்தியதிலிருந்து அவள் பார்வை அவர் முகத்தில் தங்கவேயில்லை. யார் பீடி பற்றவைக்கிறார்கள், யார் ஊதுவத்தி கொளுத்துகிறார்கள், யார் பின்னறைப் பக்கம் போகிறார்கள் என்றே அலைந்துகொண்டிருந்தது.

பின்னறைக் கட்டிலுக்கு அடியில், பழைய வேட்டி போர்த்திய அட்டைப்பெட்டிகளில், தேங்காய்ப் பருமனில் வாணக்குண்டுகள் இருந்தன.

பனமரத்துப்பட்டி சுற்றுவட்டாரத்தில் மாரியம்மன் நோம்பியானாலும் மாதா திருவிழாவானாலும் வாணவேடிக்கைக்குக் கஸ்பாரைத்தான் கூப்பிடுவார்கள். ஊருக்கு வெளியே, வீடே இல்லாத கரட்டடியில் அவருடைய பட்டறை. அங்கே வைத்துத்தான் செய்ய வேண்டும். லைசென்சில் போட்ட அளவுக்கு மேல் வெடிமருந்து இருக்கக் கூடாது. செய்ததை வெளியே எடுத்தால், அனுமதி வாங்கிய வண்டியில், எச்சரிக்கைப் பலகை மாட்டி, வேறு சரக்கோ வேண்டாத ஆளோ ஏற்றாமல் கொண்டுபோக வேண்டும். எல்லாம் அவருக்கு மனப்பாடம். பட்டறைக்கு வருகிறவர்களின் தீப்பெட்டியையும் செல்போனையும் வாசலிலேயே வாங்கி வைத்துவிடுகிற மனிதர். அவரே இந்த வருஷம் சறுக்கினார். பக்கத்துப் பக்கத்து ஊர்த் திருவிழாக்கள் ஒன்றாகச் சேர்ந்து வந்ததில் பட்டறையில் சரக்கு அளவு மீறிவிட்டது. சோதனைக்கு ஆள் வருகிறது என்று பேச்சு அடிபட்டதும், அவரும் தம்பி ஜோஸ்வாவும் குண்டுகளைத் தவிட்டு மூட்டைக்குள் வைத்து மொபெட்டில் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். திருவிழா முடிகிற வரைக்கும்தான், பயப்படாதே என்றார். அன்றிலிருந்து அவள் சரியாகத் தூங்கவில்லை.

வாசல் பந்தலில் இளவட்டங்கள் பேசிக்கொண்டது காதில் விழுந்தது. ஊருக்கெல்லாம் வேட்டுப் போட்டவரை வேட்டுச் சத்தமில்லாமல் அனுப்புவதா, சரவெடி வாங்கி வரலாம் என்றார்கள். பங்குச் சாமியார் எந்த நேரமும் தூபக்கலசத்தோடு வந்துவிடுவார். கலசத்தில் கங்கு இருக்கும். உச்சிவெயில் வேறு பின்னறை ஆஸ்பெஸ்டாஸ் கூரையைக் காய்ச்சிக்கொண்டிருந்தது.

அவள் எழுந்து ஜோஸ்வாவைக் கொல்லைப்பக்கம் அழைத்துப் போனாள்.

"தம்பி, அதை இப்பவே ஏதாச்சும் பண்ணோணும்."

"சத்தமாப் பேசாதீங்கண்ணி. அண்ணனை அடக்கம் பண்ணிட்டு, பொழுது சாய நானே எடுத்துட்டுப் போயிடறேங்க."

அதே மொபெட்டில்தான் எடுத்துப் போவான். வழியில் ஒரு குழியில் சக்கரம் இறங்கினால் என்ன ஆகும் என்று அவள் கேட்டாள். வெளியே தெரிந்தால் லைசென்ஸ் போய்விடும், கேஸ் வரும், பட்டறையை நம்பியிருக்கிற குடும்பங்கள் தெருவுக்கு வந்துவிடும் என்றான். பிறகு குரலைத் தணித்து, "செத்துப்போன மனுசனுக்குக் கெட்ட பேரு வேணுங்களா?" என்றான்.

அவள் திரும்பி வந்து கணவரின் காலடியில் உட்கார்ந்தாள்.

மகள் வினோலியா சேலம் ஃபேர்லேண்ட்சிலிருந்து கைக்குழந்தையோடு வந்திருந்தாள். அழுது வீங்கிய முகத்தோடு தாயின் தோளில் சாய்ந்தாள். அவள் மடியில் குழந்தை இல்லை.

"பாப்பா எங்க சாமி?"

"உள்ற கட்டில்ல தூங்குதும்மா. ஏரிக் கொசு பகல்லயே புடுங்குது. சுருள் கொளுத்தி வெச்சிட்டு வந்தேன்."

இசபெல்லா கத்தவில்லை. கத்தினால் எல்லோரும் அந்த அறைக்குள் ஓடிவருவார்கள் என்று மட்டும் தோன்றியது. சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

கட்டில் காலை ஒட்டி, தரையில், கொசுவத்திச் சுருள் புகைந்துகொண்டிருந்தது. மின்விசிறிக் காற்றில் வேட்டி நுனி எழும்பி எழும்பிச் சுருளைத் தொடப் போய்த் திரும்பியது. அவள் மண்டியிட்டு, கங்கைக் கையால் பொத்தி இறுக்கினாள். தோல் தீய்கிற வாடை வந்தது. கையைத் திறக்காமல் மறு கையால் குழந்தையை வாரி எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தாள்.

"எல்லாரும் எந்திரிங்க. அவரைத் தூக்குங்க. இந்த ஊட்ல யாரும் இருக்கக் கூடாது."

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மாரியாயி கண்ணைத் துடைத்தாள்.

"எனக்குப் பைத்தியம் புடிக்கலை. பின்னறையில வாணக்குண்டு இருக்குது."

ஜெபம் நின்றது. அடுத்த நொடி நாற்காலிகள் சரிந்தன. சவப்பெட்டி இன்னும் வந்து சேரவில்லை. நான்கு பேர் கஸ்பாரைப் பாயோடு தூக்கிக்கொண்டு மாதா கோயில் மண்டபத்துக்கு ஓடினார்கள். பின்னாலேயே போன இசபெல்லா வாசற்படியில் நின்று, ஆள் யாரும் உள்ளே இல்லை என்று பார்த்துவிட்டு இறங்கினாள்.

தெருமுனையில் ஜோஸ்வா தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவள் பக்கத்தில் போய் நின்றாள்.

"நீயே போலீசுக்குப் போன் போடு தம்பி. நீயாச் சொன்னா, சொன்னவன். அவங்களா வந்து எடுத்தா, ஒளிச்சவன்."

அவன் நிமிர்ந்தான். பொத்தியிருந்த அவள் கையைப் பிரித்து உள்ளங்கையைப் பார்த்தான். பிறகு சட்டைப்பையிலிருந்து செல்போனை எடுத்தான்.

தீயணைப்பு வண்டி வந்தது. தெருவையே காலி செய்தார்கள். ஈரச்சாக்கு போர்த்தி ஒவ்வொரு பெட்டியாக வெளியே கொண்டுவந்து, தூரத்துத் தரிசில் தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்கினார்கள். கடைசிப் பெட்டி தண்ணீருக்குள் போனது என்று ஆள் வந்து சொன்ன பிறகுதான் இசபெல்லா மண்டபத்துக்குள் போய்க் கணவரின் முகத்தை முழுதாகப் பார்த்தாள்.

அடக்கம் வேட்டில்லாமல் நடந்தது. இன்ஸ்பெக்டர் கல்லறைத் தோட்டத்து வாசலுக்கு வெளியிலேயே காத்திருந்தார். ஜோஸ்வா தன் அண்ணன் குழியில் மண் போட்டான். கையைத் தட்டிக்கொண்டு அவனாகவே நடந்து போய் ஜீப்பில் ஏறினான். "நேரத்துக்குச் சாப்பிடுங்கண்ணி" என்று மட்டும் சொன்னான்.

வெடிபொருள் அதிகாரி வந்து பார்க்கும் வரை வீட்டைத் திறக்கக் கூடாது என்று போலீசார் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டார்கள். மாரியாயி தன் வீட்டுக்கு அழைத்துப் போனாள். தீய்ந்த உள்ளங்கையில் மருந்து தடவிவிட்டு, ஒரு வாய் ரசஞ்சோறாவது சாப்பிடச் சொல்லிச் சமையலறைக்குள் போனாள். வினோலியா சுவரில் சாய்ந்தபடியே கண்ணயர்ந்திருந்தாள். குழந்தை பாயில் தூங்கியது.

உள்ளே மாரியாயி தாளித்தாள். எண்ணெயில் விழுந்த கடுகு படபடவென்று வெடித்தது.

இசபெல்லா பாய்ந்து குழந்தையின் மேல் கவிழ்ந்துகொண்டாள். கடுகு அடங்கிய பிறகும் நிமிரவில்லை.

மாரியாயி கரண்டியோடு வந்து எட்டிப் பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் உள்ளே திரும்பிப் போய் அடுப்பை அணைத்தாள்.