வீட்டில் யாரும் இல்லை

என்டரைத் தட்டிய அதே நொடியில் தப்பு தெரிந்துவிட்டது. இணைப்பை நிறுத்து, மறுபடி தொடங்கு என்று இரண்டு கட்டளைகளையும் ஒரே வரியில் கொடுத்திருக்க வேண்டும். அவசரத்தில் முதலாவதை மட்டும் அனுப்பிவிட்டேன். தொலைவில் அண்ணன் வீட்டில் இருக்கும் சர்வர், சொன்ன சொல் தட்டாமல் தன் இணைப்பைத் துண்டித்துக்கொண்டது. இனி இங்கிருந்து நான் என்ன தட்டினாலும் அதற்குக் கேட்காது. பதினைந்து வருடமாக இதே வேலைக்குச் சம்பளம் வாங்குகிறவள் நான். வெட்கக்கேடு.

அந்த அவசரமே அண்ணன் வைத்ததுதான். ஒரு பழைய கம்ப்யூட்டரைச் சர்வராக்கி அங்கே அப்பா அறையில் நான்தான் வைத்தேன். குடும்பத்துப் படங்கள் அத்தனையும் அதில் இருந்தன. அப்பா போனில் என்னோடு பேசிய ஆறு வருடப் பேச்சின் பதிவும் இருந்தது. பக்கவாதத்தில் அவர் பேச்சு நின்றுபோன பிறகு அந்தக் குரல் வேறெங்கும் கிடையாது. ஊருக்கெல்லாம் நகல் எடுத்து வையுங்கள் என்று உபதேசம் செய்கிறவள், அதற்கு மட்டும் எடுத்து வைக்கவில்லை. நேற்று அண்ணன் கூப்பிட்டு, அந்தப் பெட்டி இடத்தை அடைக்கிறது, நாளை சாயந்திரம் ஆறு மணிக்குப் பழைய சாமான்காரர் வருகிறார், வேண்டியதை அதற்குள் எடுத்துக்கொள் என்றான். கொடியில் காயும் துணியை எடுக்கச் சொல்வதுபோல. காலையிலிருந்து நகல் ஆமை வேகத்தில் வந்துகொண்டிருந்தது. அதை முடுக்கிவிடப் போய்த்தான் இந்தக் கூத்து.

மணி இரண்டு. அண்ணனை அலுவலகத்தில் பிடித்தேன். அந்தப் பெட்டியின் சுவிட்சை அணைத்துப் போட்டால் போதும், தானே எழுந்துகொள்ளும் என்று விளக்கினேன்.

"அண்ணி வெளிய போயிருக்கா. வீட்ல யாரும் இல்லம்மா."

"அப்பா இருக்காரே."

"அவருக்கு என்ன புரியும்? விடு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த வீட்டைக் கட்டிய மனிதர் இவன் கணக்கில் ஆளே இல்லை, சாமானோடு சாமான். போனை வைத்துவிட்டேன். நான் மட்டும் என்ன யோக்கியம்? பேச்சு நின்ற நாளிலிருந்து அப்பாவுக்கு ஒரு தடவைகூடப் போன் செய்ததில்லை. அண்ணனிடம் விசாரித்ததோடு சரி.

அவர் தலைமாட்டில் இருக்கும் போனுக்கு அடித்தேன். வெகுநேரம் அடித்த பிறகு எடுத்தார். மூச்சு மட்டும் கேட்டது.

"அப்பா, நான்தான். கட்டிலுக்கு எதிர்ல கறுப்புப் பெட்டி இருக்குல்ல, அதோட சுவிட்ச அணைங்க. பத்து எண்ணிட்டுத் திரும்பப் போடுங்க."

போன் மெத்தையில் விழுந்தது. கட்டில் முனகியது. வாக்கர் தரையில் ஊன்றும் சத்தம் ஒன்று, நீண்ட இடைவெளி, பிறகு இன்னொன்று. விழுந்து வைத்தால் தூக்கக்கூட ஆளில்லை என்று அப்போதுதான் உறைத்தது. வேண்டாம்ப்பா, உட்காருங்க என்று கத்தினேன். கேட்டாரோ இல்லையோ, நிற்கவில்லை. என் திரையில் சர்வரிடமிருந்து பதில் இல்லை, பதில் இல்லை என்று நொடிக்கொரு வரி இறங்கிக்கொண்டிருந்தது.

சுவிட்ச் அணையும் சத்தம் கேட்டது. பத்து எண்ணும் நேரம் போயிற்று. மறுபடியும் ஒரு சத்தம்.

கொஞ்ச நேரத்தில் திரையில் பதில் வரத் தொடங்கியது. நான் அதைப் பார்க்கவில்லை. போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, வாக்கர் கட்டிலை நோக்கித் திரும்பி வருவதை ஒவ்வொரு ஊன்றலாக எண்ணிக்கொண்டிருந்தேன்.