நடுக்கண்ணாடி

அமீனா பீவி மீன்தொட்டிக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டு லாரி டியூபுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தபோது, ஜன்னல் வழியே கிஃபாயத்துல்லா தெருமுனையில் திரும்புவது தெரிந்தது. கோவளத்து வெயில் ஏறிக் கறுத்த ஆள். ஈரத்துணி சுற்றிய மண்பானை ஒன்றை இரண்டு கையாலும் ஏந்தி, தண்ணீர் தளும்பாமல், அடிமேல் அடி வைத்து வந்தார். அமீனா பம்பை நிறுத்தினாள். பானையைப் பார்த்ததும் சீர் கொண்டுவருகிற ஆளின் நடை போலத்தான் அவளுக்குப் பட்டது.

உள்ளறையில் இருந்த லத்தீஃபாவுக்கு அவர் வாப்பா. லத்தீஃபாவின் புருஷன் ஹமீது, அமீனாவின் கொழுந்தன். ஆறு மாதத்துக்கு முன்னால், முட்டுக்காட்டுக் கழிமுகத்தில் மீன் கூடைகளோடு தோணி கவிழ்ந்து போனான். இத்தா என்கிற நாலு மாதத் துக்க ஒதுக்கம் முடிந்ததும் லத்தீஃபாவை அவள் வாப்பா வீட்டுக்கு அனுப்பியிருக்கலாம். அங்கே சின்னம்மாவும் அவள் பெற்ற நாலு பிள்ளைகளும். "தம்பி பொண்டாட்டி நம்ம வூட்லயே இருந்துட்டுப் போவட்டும்" என்று அமீனாவின் புருஷன் நூர்முகமதுதான் சொல்லிக் கூட்டிவந்தார். வந்து இரண்டு மாதம் ஆகிறது. இருபத்திரண்டு வயதுப் பெண், இருக்கிற இடம் தெரியாமல் இருந்தாள். அமீனாவை அக்கா முறையில் 'லாத்தா' என்பாள், அரைப்பாள், துவைப்பாள், நூர்முகமதின் செருப்புச் சத்தம் கேட்டால் முக்காட்டை இழுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவாள். குறை சொல்ல ஒன்றுமில்லை என்பதே அமீனாவுக்கு ஒரு குறையாக இருந்தது.

அந்தத் தொட்டி செங்கல்பட்டில் வேறெந்த வீட்டிலும் கிடையாது. நூர்முகமது கடைத்தெருவில் கண்ணாடி வெட்டிச் சட்டம் போடுகிறவர். ஆறு வருஷத்துக்கு முன்னால், தேக்குச் சட்டத்தில் தடித்த கண்ணாடிகளைப் பதித்துத் தார் பூசி, நாலடி நீளத்துக்கு அவரே செய்தார். அமீனாவுக்கு மூன்றாவது பிள்ளையும் வயிற்றிலேயே போன வருஷம் அது. யாரோடும் பேசாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவளுக்கு, பார்க்க ஏதாவது இருக்கட்டும் என்று செய்தார். ஹமீது கட்டைவிரல் நீளக் கிளாத்தி மீன் ஒன்றைக் கடலிலிருந்து கொண்டுவந்து விட்டான். வாரம் ஒருமுறை மாமல்லபுரம் பஸ்ஸின் கூரையில் பீப்பாயில் கடல்தண்ணீர் வரும். சிற்பிகள் கொத்திப் போட்ட கருங்கல் சில்லுகளை அடுக்கிக் குகை போல வைத்திருந்தார்கள். டியூபிலிருந்து மெல்லிய ரப்பர் குழாய் வழியே காற்று இறங்கிக் குமிழ் விட்டுக்கொண்டே இருக்கும். காலையும் மாலையும் காற்றடிப்பது அமீனாவின் வேலை. கிளாத்தி இப்போது ஒரு சாண் வளர்ந்து, உள்ளங்கை அகலத்துக்கு, தோல் செருப்புத் தோலைப் போலத் தடித்து, முன்பல் தெரிய நின்றது. அமீனாவின் விரலிலிருந்து இறால் வாங்கித் தின்னும். வேறு யார் கிட்டே போனாலும் முதுகு முள்ளை நிமிர்த்திக்கொண்டு கல்லிடுக்கில் புகுந்துகொள்ளும்.

"அஸ்ஸலாமு அலைக்கும்" என்றபடி கிஃபாயத்துல்லா பானையைத் தரையில் வைத்தார். "உசுரோட கொண்டாந்துட்டேம்மா. திருக்கழுக்குன்றத்துல பஸ் நின்னப்பகூட இறங்கல. மடியிலயே வெச்சுகினு வந்தேன்."

துணியை விலக்கினார். பானைக்குள் மஞ்சளாக ஒன்று திரும்பியது. வண்ணாத்தி மீன். வட்டமாக, தட்டையாக, கண் மேல் கறுப்புக் கோடு இழுத்து, ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக இருந்தது. வாப்பாவின் குரல் கேட்டு வந்த லத்தீஃபா எட்டிப் பார்த்தாள். முக்காடு நழுவியதைக்கூட அவள் கவனிக்கவில்லை.

"எங்க வாப்பா புடிச்ச?"

"பாறைங்க பக்கம், வலையில. உங்க லாத்தா தொட்டியில ஒத்த மீனா கீதே, தொணைக்கு இருக்கட்டும்னுதான்." அவர் அமீனாவைப் பார்த்தார். "வுட்டுர்லாமாம்மா?"

அமீனா கல்லிடுக்கில் கிடந்த கிளாத்தியைப் பார்த்தாள்.

அவளுக்குத் தெரியும். நாலு வருஷத்துக்கு முன்னால், லத்தீஃபா அந்தக் குடும்பத்துக்குள் வருவதற்கு முன்பே, ஹமீது வரி போட்ட மீன் ஒன்றைக் கொண்டுவந்து அப்படியே தொட்டியில் கொட்டினான். ஒருநாள் பொழுது தாங்கவில்லை. துடுப்பு, வால், கடைசியில் கண் என்று கிளாத்தி அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றது. அடுத்த தடவை நூர்முகமது தொட்டியின் அகலத்துக்கு அளந்து ஒரு கண்ணாடி வெட்டினார். அதை நடுவில் இறக்கி, இந்தப் பக்கம் பழையது, அந்தப் பக்கம் புதியது என்று எட்டு நாள் விட்டார்கள். முதல் இரண்டு நாள் கிளாத்தி கண்ணாடியில் மூக்கால் முட்டிக்கொண்டே இருந்தது. பிறகு சலித்துப்போனது. கற்களையெல்லாம் கலைத்து வேறு மாதிரி அடுக்கி, தன் இடம் எது என்று கிளாத்திக்கே தெரியாமல் செய்து, வயிறு நிறைய இறால் போட்டுவிட்டுத்தான் கண்ணாடியை உருவினார்கள். அந்த மீன் ஒரு வருஷம் இருந்தது. ஒரு கோடையில் தண்ணீர் சூடேறித்தான் செத்தது. கண்ணாடி இப்போதும் பீரோவுக்குப் பின்னால் கோணிச் சாக்கில் சுற்றி நிற்கிறது.

போன வெள்ளிக்கிழமை பள்ளிவாசல் முத்தவல்லி வீட்டுக்கு வந்திருந்தார். கதவுக்குப் பின்னால் நின்ற அமீனாவுக்கு எல்லாம் கேட்டது. "வூட்டுக்குள்ளயே வயசுப் பொண்ண வெச்சுகினு கீற. ஊரு நாலு பேசும். உனக்கும் புள்ள இல்ல. மொறப்படி நிக்காஹ் பண்ணிக்கோ, தப்பில்ல." நூர்முகமது முடியாது என்று சொல்வார் என அவள் காத்திருந்தாள். அவர் சொன்னது: "பாக்கலாம் பாய்." அந்தப் "பாக்கலாம்" ஒரு வாரமாக அவளோடு சமைத்தது, அவளோடு படுத்தது. அவரிடம் அவள் எதுவும் கேட்கவில்லை. இப்போது பெண்ணைப் பெற்றவர் பானையோடு வந்து நிற்கிறார்.

"இன்னாம்மா, வுடட்டுமா?"

"வுடுங்க" என்றாள் அமீனா.

பானையைச் சாய்த்தார். மஞ்சள் மீன் வழுக்கி விழுந்து, ஒரு கணம் திகைத்து நின்று, பிறகு துடுப்பை விரித்தது. லத்தீஃபா தரையில் மண்டியிட்டுக் கண்ணாடியோடு முகத்தை ஒட்டிக்கொண்டாள். அவள் சிரிப்பதை அந்த வீட்டில் அன்றைக்குத்தான் அமீனா முதன்முதலாகப் பார்த்தாள். முன்பல் கொஞ்சம் தூக்கல். சிரித்தால் சின்னப் பெண்ணாகத் தெரிந்தாள்.

கிளாத்தி கல்லிடுக்கிலேயே கிடந்தது. கண் மட்டும் சுழன்றது. அமீனா அடுக்களைக்குப் போய்த் தேநீருக்குத் தண்ணீர் வைத்தாள். அடுப்பை ஊதும்போதே லத்தீஃபாவின் குரல் வந்தது.

"லாத்தா, தொரத்துதே!"

"பழகிடும்."

நூர்முகமது கடையிலிருந்து வந்து சம்பந்தியோடு கூடத்தில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் மறுபடி, "லாத்தா, வாலக் கடிச்சிடுச்சு. ரெண்டு வாட்டி கடிச்சிடுச்சு, வந்து பாருங்களேன்."

"பழகிடும்டி. மொதல்ல அப்டித்தான்."

தேநீர்க் கோப்பைகளோடு அவள் கூடத்துக்குள் நுழைந்தபோது கிஃபாயத்துல்லா தொண்டையைச் செருமிக்கொண்டிருந்தார். இப்போது கேட்கப் போகிறார் என்று நினைத்தாள்.

"காஞ்சிவரத்துல ஒரு எடம் வந்துகீது, மாப்ள. தையக்காரரு. மொத சம்சாரம் மவுத்தாயிடுச்சு, ஒரு பொம்பளப் புள்ள. நல்ல மனுசன். லத்தீஃபாவுக்குக் காஜா எடுக்கத் தெரியும்னு சொன்னேன், ரொம்ப சந்தோசம். அடுத்த மாசமே வெச்சுக்கலாம்ன்றாரு. எங்க பொண்ண இத்தினி நாளு உங்க வூட்டுப் பொண்ணா வெச்சு சோறு போட்டீங்க. லாத்தாவுக்கு ஏதாவது குடுக்கணும்னு தோணுச்சு. எங்கிட்ட இன்னா கீது, கடல்தான் கீது."

நூர்முகமதின் முகம் தளர்ந்தது. "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். அது நிம்மதியா, வேறு ஏதாவதா என்று பார்க்க அமீனா நிற்கவில்லை. தட்டைத் தரையில் வைத்தாள். ஒரு கோப்பை கவிழ்ந்து பாயில் ஓடியது. பீரோவுக்குப் பின்னால் கையை விட்டுச் சாக்கை இழுத்தாள். கயிற்று முடிச்சு அவிழவில்லை, பல்லால் கடித்து அறுத்தாள். கண்ணாடியை மார்போடு அணைத்துக்கொண்டு தொட்டி இருந்த அறைக்கு ஓடினாள்.

லத்தீஃபா ஜாக்கெட் கையை மேலே ஏற்றிவிட்டு, முழங்கை முட்டத் தொட்டிக்குள் கையை விட்டிருந்தாள். வண்ணாத்தி வால் இல்லாமல் மூலையில் சாய்ந்து மிதந்தது. அதை அள்ளிவிடத்தான் பார்த்தாள். "கைய எடுடி!" என்று அமீனா கத்துவதற்குள், கல்லிடுக்கிலிருந்து கிளாத்தி நேராக வந்தது. லத்தீஃபா கையை உதறி இழுத்தபோது தண்ணீர் சுவர்வரைக்கும் தெறித்தது. ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் நடுவே, நாலணா அகலத்துக்குச் சதை இல்லை. அவள் அழவில்லை. கையைப் பார்த்தாள். பிறகு வாசற்படியில் கண்ணாடியை அணைத்துக்கொண்டு நின்ற அமீனாவைப் பார்த்தாள்.

மஞ்சளும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டினார்கள். உப்புத் தண்ணீர்க் காயம் சீக்கிரம் ஆறும் என்று சொல்லிவிட்டு, கிஃபாயத்துல்லா கடைசி பஸ்ஸில் ஊருக்குப் போனார். மறுநாள் லத்தீஃபா இடது கையால் பாத்திரம் துலக்கினாள். கட்டுக்கு மேலே மணிக்கட்டு வீங்கியிருந்தது. அமீனா கையைப் பிடித்துப் பார்க்கப் போனாள். "ஒண்ணுமில்ல லாத்தா" என்று இழுத்துக்கொண்டாள். மூன்றாம் நாள் காலையில் பாயை விட்டு அவளால் எழ முடியவில்லை. உடம்பு கொதித்தது. கட்டைப் பிரித்தபோது நாற்றம் அறை முழுக்க அடித்தது. இரண்டு விரல்களும் நாவல்பழ நிறம்.

நூர்முகமது குதிரைவண்டி பிடித்து ஓடினார். ஆஸ்பத்திரியில் ஊசிமேல் ஊசி போட்டார்கள். நர்ஸ் மார்கரெட் அமீனாவைத் தனியாகக் கூப்பிட்டு, "விஷம் கையில ஏறிகினு கீதும்மா. ரெண்டு வெரலையும் எடுத்தா கை தப்பும், ஆளும் தப்பும். தேத்திக்குங்க" என்றாள். லத்தீஃபாவை மயக்கமருந்து வாசனையோடு வெளியே கொண்டுவந்தார்கள். வலது கை வெள்ளையாகச் சுற்றி ஒரு மூட்டையாக இருந்தது.

இருபது நாள் அமீனாதான் கூட இருந்தாள். சோற்றைப் பிசைந்து ஊட்டினாள். லத்தீஃபா வாயைத் திறப்பாள், மெல்லுவாள், விழுங்குவாள். ஊட்டுகிறவளின் முகத்தை ஒருமுறைகூட ஏறிட்டுப் பார்க்கவில்லை. சொல்லிவிட வேண்டும் என்று அமீனா ஒவ்வொரு நாளும் நினைத்தாள். ஆனால் அடுத்த கவளத்தை உருட்டுவாள்.

வீட்டுக்கு வந்த அன்று நூர்முகமது வாளியும் கையுமாகத் தொட்டிக்கு முன்னால் நின்றார். "இந்தச் சனியன ஏரியில கொட்டிட்டு வரேன்." லத்தீஃபா கதவோரமாக நின்று, அந்த வீட்டுக்கு வந்த பிறகு முதல்தடவையாக அவரோடு நேரடியாகப் பேசினாள்: "வேணாம் மச்சான். நல்ல தண்ணியில செத்துடும். அவரு கொண்டாந்த மீனு." நூர்முகமது வாளியைக் கீழே வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

காஞ்சிபுரத்திலிருந்து கார்டு வந்தது. தையல்காரர் மரியாதையாகத்தான் எழுதியிருந்தார். கடையில் கூடமாட வேலை செய்ய ஆள் வேண்டியிருக்கிறது, குழந்தையும் சின்னது, அல்லா உங்களுக்கு வேறு நல்ல வழி காட்டுவான் என்று. கார்டைக் கையில் வைத்துக்கொண்டு கிஃபாயத்துல்லா படியிலேயே உட்கார்ந்துவிட்டார். உள்ளே வரச் சொன்னால் வரவில்லை. தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. "இனிமே யாரு கட்டுவான்? மறுபடி எங்க வூட்டுக்கு இட்டுகினு போனா, அவ சின்னம்மா அந்தக் கையச் சொல்லிச் சொல்லியே கொன்னுடுவா" என்று தெருவைப் பார்த்துச் சொன்னார்.

நூர்முகமது அடுக்களைக்கு வந்தார். அமீனா அரிசி களைந்துகொண்டிருந்தாள். அவர் விறகுக் கட்டையைக் காலால் நகர்த்தினார், மறுபடி பழைய இடத்துக்கே நகர்த்தினார்.

"அன்னிக்கே முத்தவல்லி கேட்டாரு. எனக்கு இஷ்டமில்ல. அவரு மூஞ்சியில அடிச்ச மாதிரி சொல்லக் கூடாதுன்னுதான் பாக்கலாம்னேன். இப்ப வேற வழி தெரில. நம்ம வூட்ல பட்ட காயம். நீ இன்னா சொல்ற?"

அரிசி கழுவிய தண்ணீர் அவள் விரலிடுக்கில் வெள்ளையாக வழிந்தது. இஷ்டமில்லை. அந்த ஒரு சொல்லை அன்றைக்கே அவர் சொல்லியிருந்தால். அன்றைக்கே அவள் கேட்டிருந்தால். அந்த மஞ்சள் மீன் பானைக்குள்ளேயே எட்டு மணிநேரம் உயிரோடு இருக்கும், அதற்குள் கண்ணாடியை இறக்கி வைத்திருக்கலாம்.

"அவளக் கேளுங்க" என்றாள்.

லத்தீஃபாவைக் கேட்டார்கள். அவள் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாததைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமை, நாலு பேரை வைத்து, சத்தமில்லாமல் நிக்காஹ் என்று முடிவாயிற்று.

சனிக்கிழமை பிற்பகல் அமீனா கொல்லையிலிருந்து மருதாணி பறித்து, கொட்டைப்பாக்கு வைத்து மைய அரைத்தாள். இரண்டாம் கல்யாணத்துக்கு எதற்கு என்று யாராவது கேட்டால் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே அரைத்தாள். யாரும் கேட்கவில்லை. ஜன்னலோரம் பாய் விரித்து லத்தீஃபாவை உட்காரவைத்தாள். இடது கையை மடியில் வாங்கி, உள்ளங்கை நடுவில் வட்டமாக அப்பி, சுற்றி ஈர்க்குச்சியால் புள்ளி வைத்தாள். ஒவ்வொரு விரல் நுனிக்கும் தொப்பி போட்டாள். தெருவில் குதிரைவண்டி ஒன்று ரயிலடிப் பக்கம் போயிற்று.

"லாத்தா."

அமீனா நிமிரவில்லை.

"அன்னிக்கி கையில ஒரு கண்ணாடி வெச்சுகினு நின்னீங்களே. அது எதுக்கு?"

ஈர்க்குச்சி நின்றது.

"தொட்டி நடுவுல எறக்க. எட்டு நாளு ஒண்ண ஒண்ணு பாத்துகினே இருந்தா, அப்பால கடிக்காது."

"வாப்பா பானைய சாய்க்கறப்பவே தெரியுமா?"

"தெரியும்."

வெளியே காக்கை கத்தியது. லத்தீஃபா மூச்சு விடுவது கேட்டது. எழுந்து போய்விடுவாள், அல்லது தன் வாப்பாவைக் கூப்பிடுவாள், அல்லது அறைவாள் என்று அமீனா காத்திருந்தாள். அறைந்தால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தாள்.

லத்தீஃபா முந்தானைக்குள் மறைத்து வைத்திருந்த வலது கையை வெளியே எடுத்தாள். எடுத்து அமீனாவின் மடியில், இடது கைக்குப் பக்கத்தில் வைத்து, மிச்சமிருந்த மூன்று விரல்களையும் விரித்தாள். விரல்கள் இருந்த இடத்தில் புதுத்தோல் ரோஜா நிறத்தில், பளபளவென்று, மெல்லிசாக மூடியிருந்தது. அமீனா மருதாணியை ஓர் உருண்டை எடுத்தாள். எங்கே தொடங்குவது என்று தெரியாமல் கையை அந்தரத்திலேயே வைத்திருந்தாள். பச்சைச் சாறு அவள் மணிக்கட்டு வழியாக இறங்கி, முழங்கையில் சேர்ந்து, பாயில் சொட்டியது.